தீ பம்புக்கு இழுத்த லைன்

இன்றைக்கும் புளூ பிரிண்ட் காகிதத்தின் நெடி மூக்கில் ஏறினால் எனக்கு ஓர் ஆள்மேல் பொறாமை வருகிறது. அந்த ஆளைப் பார்த்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. பொறாமைக்கு வருஷக் கணக்கெல்லாம் தெரிவதில்லை.

அப்போது நான் பீளமேட்டில் ஒரு நூல் மில்லில் எலக்ட்ரிக் மேஸ்திரி. ஏணி தூக்குகிற வேலைக்குச் சேர்ந்து, ஒயர்மேனாகி, பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கி, மேஸ்திரியானவன். மோட்டார்மேல் உள்ளங்கையை வைத்தால் போதும், பேரிங் போகப் போகிறதா, காயில் சுடுகிறதா என்று சொல்லிவிடுவேன். எங்கள் பெரிய போர்மேன் ஓய்வு பெறுகிற நேரம் அது. அவருக்குப் பிறகு அந்த நாற்காலி எனக்குத்தான் என்று மில்லில் எல்லாரும் பேசிக்கொண்டார்கள். நான் கேட்காத மாதிரி நடந்துகொண்டேன். ஆனால் மனசுக்குள் அந்த நாற்காலியில் தினமும் ஒரு முறை உட்கார்ந்து எழுந்தேன்.

அந்த வருஷம் மில்லில் புதிதாக ஒரு ப்ளோ ரூம் கட்டினார்கள். பஞ்சுப் பொதியைப் பிரித்து, அடித்து, உதறித் தூசி எடுக்கிற இடம். பஞ்சுக்குள் ஒரு ஆணி கிடந்து மிஷினில் உரசினால் போதும், குப்பென்று பிடித்துக்கொள்ளும். இன்ஷூரன்ஸ்காரர்கள் வந்து பார்த்துவிட்டு, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுகிற சங்கதியெல்லாம் இனி ஆகாது, கிணற்றில் கரண்ட் பம்பு வைத்து மில்லைச் சுற்றிக் குழாய் போட்டால்தான் ஒத்துக்கொள்வோம் என்று சொல்லிவிட்டார்கள். பம்பும் மோட்டாரும் எங்கள் ஊர்ப் பட்டறையிலேயே செய்து வந்து இறங்கின. அதற்குக் கரண்ட் கொடுப்பது எப்படி என்பதுதான் கேள்வி.

மேனேஜர் இரண்டு பேரைக் கூப்பிட்டார். ஒருவன் நான். இன்னொருவன், ஆறு மாதத்துக்கு முன் இன்ஜினீயரிங் படிப்பு முடித்துவிட்டு வேலைக்கு வந்தவன். பல்லடத்துப் பக்கம் தோட்டங்காட்டுக் குடும்பம். அவனை உட்காரச் சொன்னார். என்னையும்தான் சொன்னார், ஆனால் அவனுக்குப் பிறகு சொன்னார்.

"பெரிய போர்மேன் தை மாசத்தோட போறாருங்க. இந்தத் தீ பம்புக்கு லைன் கொடுக்கிற யோசனையை ரெண்டு பேரும் தனித்தனியாப் போட்டுக்கிட்டு வாங்க. யாருது சரியா இருக்குதோ அவருதான் வேலையைச் செய்வாரு. இன்ஷூரன்ஸ்காரங்க வந்து பாத்து சரின்னு சொல்லிட்டா, அந்த நாற்காலியும் அவருக்குத்தானுங்க" என்றார்.

எனக்கு முகம் சுருங்கிப்போய்விட்டது. இலையில் சோறு போட்டு உட்கார வைத்த பிறகு, பந்தியில் இன்னொருவனையும் கூப்பிட்டு அதே இலையைக் காட்டின மாதிரி இருந்தது.

ஒரு வாரம் கழித்து இருவரும் போனோம். என் யோசனையை ஒரு காலண்டர் தாளின் பின்பக்கம் பென்சிலால் போட்டிருந்தேன். அவன் கையில் புளூ பிரிண்ட் சுருள். மேஜைமேல் விரித்து நான்கு மூலையிலும் மேனேஜரின் பேப்பர் வெயிட்டுகளை வைத்தான். எழுத்தெல்லாம் அச்சடித்த மாதிரி. அப்போதே எனக்கு வயிறு எரிய ஆரம்பித்துவிட்டது.

என் திட்டம் சுருக்கமானது. பேனல் ரூமிலுள்ள மெயின் சுவிட்சிலிருந்து ஒரு கேபிள். புது ப்ளோ ரூம் சுவரோடு ஒட்டிக்கொண்டு போனால் கிணறு கிட்டத்தில். கேபிளும் மிச்சம், வேலையும் சீக்கிரம். மோட்டாருக்கு நல்ல ஃபியூஸ், சூடேறினால் தானாக மோட்டாரை நிறுத்துகிற ரிலே. எந்த மோட்டாருக்கும் நான் செய்கிற வேலை அது. அதில் யாரும் ஒரு குறை சொன்னதில்லை.

அவன் என் தாளைக் குனிந்து பார்த்தான். சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

"ஏனுங்ணா, தீ புடிச்சா பேனல் ரூம்ல மொதல்ல என்னுங்க செய்வாங்க?"

"மெயினை இறக்குவாங்க."

"அப்பப் பம்பும் நின்னுபோயிடுமுங்களே."

மேனேஜர் என்னைப் பார்த்தார். அவன் தன் படத்தில் விரல் வைத்தான். டிரான்ஸ்பார்மரிலிருந்து வருகிற கேபிள் மெயினுக்குள் நுழைவதற்கு முன்னாலேயே பம்புக்குத் தனி லைன் பிரித்திருந்தான். மெயினை இறக்கினால் மில் முழுவதும் செத்துவிடும், பம்பு மட்டும் ஓடும். அந்த லைன் ப்ளோ ரூம் பக்கமே போகவில்லை. மதில் ஓரமாக மண்ணுக்குள் புதைத்து, மேலே செங்கல் அடுக்கி, சுற்றுவழியில் கிணற்றுக்குப் போயிற்று. "தீ புடிக்கிற எடத்து வழியாவே தீயணைக்கிற லைன் போகலாமுங்களா?" என்றான். தூரம் கூடுவதால் கேபிள் ஒரு சைஸ் பெரியது. சூடேறினால் நிறுத்துகிற ரிலே கிடையாது.

இது போதும் என்று நினைத்தேன். இதில் அவனைப் பிடித்துவிடலாம். "ரிலே இல்லாம மோட்டார் எரிஞ்சுபோனா யாருங்க பதில் சொல்றது?" என்று கேட்டேன்.

"மோட்டார் எரிஞ்சா எரியட்டுங்ணா. மில்லு எரியக் கூடாதுங்களே" என்றான்.

மேனேஜர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். வேலை யாருக்கு என்பது அதோடு முடிந்துபோயிற்று. உண்மையைச் சொல்கிறேன், அவன் சொன்னது சரி என்று எனக்கு அந்த நிமிஷமே தெரியும். மோட்டாரைக் காப்பாற்றியே பழகின கை என்னுடையது. மோட்டாரைச் சாகவிட வேண்டிய வேலையும் ஒன்று உண்டு என்று அத்தனை வருஷத்தில் எனக்கு ஒரு நாளும் தோன்றவில்லையே. அவன் தப்பாகச் சொல்லியிருந்தால்கூட அவனை மன்னித்திருப்பேன்.

வீட்டுக்குப் போய்ச் சாப்பிட உட்கார்ந்தேன். என் மனைவி இரண்டாம் முறை ரசம் ஊற்றும்போது கேட்டாள். "ஏனுங்க, அந்தத் தம்பி மேல உங்களுக்குப் பொறாமைங்களா?"

"பொறாமைப்பட அவன்கிட்ட என்ன இருக்குது?"

"இல்லீன்னா ஏனுங்க தட்டுல இப்படிக் கோலம் போட்டுக்கிட்டு இருக்கறீங்க?"

அவள் கெட்டிக்காரி. அந்தக் கெட்டிக்காரத்தனத்தை அன்றைக்கு என்னிடம் காட்டியிருக்க வேண்டாம்.

வேலை ஆரம்பமாயிற்று. மேனேஜர் என்னையும் அவனோடு போட்டார், உதவிக்கு. நான் அவனுக்கு உதவி! தோண்டினோம், கேபிள் இறக்கினோம், மண் மூடினோம். அவனிடம் ஒரு குறை கண்டுபிடிக்க நான் படாத பாடு பட்டேன். நேரத்துக்கு வந்தான். மண்வெட்டி பிடிக்கக் கூச்சப்படவில்லை. தெரியாததைத் தெரியாது என்றான். ஆட்களை வாங்க, போங்க என்று பேசினான். டீ வந்தால் எனக்குக் கொடுத்துவிட்டுத்தான் தான் எடுத்தான். ஒரு மனுஷனை வெறுப்பதற்கு ஒரு சின்னப் பிடியாவது கொடுக்க வேண்டாமா?

பிறகு ஒரு பிடி கிடைத்தது. அதைச் சொல்ல எங்கள் மில்லின் ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும்.

மில் வாசலுக்குப் பக்கத்தில் இரட்டைக் கம்பம் ஒன்று உண்டு. வெளியிலிருந்து வரும் கரண்ட் முதலில் அந்தக் கம்பத்துக்கு வரும். அங்கிருந்து டிரான்ஸ்பார்மர், அங்கிருந்து பேனல் ரூம். கம்பத்தின் அடியில் இடுப்பளவு உயரத்தில் ஒரு கைப்பிடி. அதைக் கீழே இழுத்தால் மில்லுக்குள் ஒரு சொட்டுக் கரண்ட் வராது. ரிப்பேர் நாளில் மட்டும் தொட வேண்டியது, மற்ற நாளில் பூட்டியிருக்க வேண்டியது. எந்தப் புத்தகத்திலும் அப்படித்தான் போட்டிருப்பார்கள்.

ஆனால் அவன் வருவதற்குச் சில வருஷம் முன்பு, பழைய ப்ளோ ரூமில் ஒரு சின்னத் தீ. மெயினை இறக்கியாச்சு என்று யாரோ கத்தினார்கள். தப்பான சுவிட்சை இறக்கியிருந்தார்கள். குடத்துத் தண்ணீரை வீசினவனை ஷாக் அடித்துத் தூக்கி எறிந்தது. பிழைத்தான், ஆனால் வலது கை பழையபடி வரவில்லை. அதற்கப்புறம் தொழிலாளிகள் யார் பேச்சையும் நம்பவில்லை. கம்பத்துக் கைப்பிடி கீழே இறங்கியிருப்பதைக் கண்ணால் பார்த்தால்தான் தண்ணீரைத் தொடுவோம் என்றார்கள். அதற்கு ஒரு ஏற்பாடு செய்தவன் நான். தீச் சங்கு ஊதினால் பேனல் ரூமில் மெயினை இறக்குவார்கள். வாசல் வாட்ச்மேன் அதற்கு நேரம் விட்டு நூறு எண்ணிவிட்டு, பூட்டைத் திறந்து கைப்பிடியைக் கீழே இழுப்பார். இழுத்துவிட்டுத் தலைத் துண்டை அவிழ்த்து ஆட்டுவார். துண்டு ஆடினால்தான் குடம் நகரும். இதை எங்கும் எழுதி வைக்கவில்லை. மில்லில் எல்லாருக்கும் தெரியும், எழுதுவானேன்? அவனுக்குத் தெரியாது. அவன் வந்ததிலிருந்து தீச் சங்கு ஊதவே இல்லை.

புது லைன் மெயினுக்கு முன்னால் பிரிந்ததுதான். ஆனால் கம்பத்துக்குப் பின்னால். வாட்ச்மேன் கைப்பிடியை இழுத்தால் மெயினென்ன, டிரான்ஸ்பார்மரென்ன, அவனுடைய அழகான லைனும் செத்துவிடும்.

இது எனக்கு ஒரு மத்தியானம், கேபிள்மேல் செங்கல் அடுக்கிக்கொண்டிருக்கும்போது உறைத்தது. எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? பல்லைக் கடித்துச் சிரிப்பை அடக்கினேன். சரிசெய்ய மண் தோண்ட வேண்டாம், கேபிள் மாற்ற வேண்டாம். வாட்ச்மேனிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும், இனிமேல் இழுக்காதீங்க என்று. அந்த ஒரு வார்த்தையை நான் வாட்ச்மேனிடமும் சொல்லவில்லை, அவனிடமும் சொல்லவில்லை.

இன்ஷூரன்ஸ்காரர்கள் வருகிற நாளுக்காக எடுத்து வைத்தேன். அவர்கள் முன்னால், மேனேஜர் முன்னால், முதலாளி முன்னால், "ஐயா, இது ஓடாதுங்க" என்று எழுந்து நின்று சொல்லப் போகிறேன். சங்கை ஊதச் சொல்வேன். வாட்ச்மேன் இழுப்பார், பம்பு நிற்கும், அவன் முகம் தொங்கும். இதை எத்தனை தடவை மனசுக்குள் ஓட்டிப் பார்த்திருப்பேன். ஒவ்வொரு தடவையும் இனித்தது.

வேலை முடிந்த அன்று அவன் படத்தை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தான். கிணற்று மேட்டில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்து காகிதத்தை விரித்தான்.

"ஏனுங்ணா, இந்த மில்லு உங்களுக்குத்தான் தெரியும். எனக்குப் படத்துல இருக்கறதுதான் தெரியுமுங்க. நான் ஏதாச்சும் விட்டிருக்கறனுங்களா? சங்கு ஊதினா இங்க வேற என்னமாச்சும் செய்யற பழக்கம் இருக்குதுங்களா?"

கேட்டான். இவ்வளவு தெளிவாகக் கேட்டான். கையை நீட்டினால் தொட்டுவிடுகிற தூரத்தில் கேள்வி இருந்தது.

"எல்லாஞ் சரியா இருக்குதுங்க தம்பி" என்றேன்.

அவன் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. எனக்கு நன்றி வேறு சொன்னான்.

மறுநாள் ஓட்டிப் பார்த்தார்கள். சங்கு ஊதவில்லை, வெறும் சோதனைதானே. மெயினை இறக்கினார்கள், மில் அடங்கியது, பம்பு மட்டும் கிணற்றடியில் உறுமியது. குழாயில் தண்ணீர் ப்ளோ ரூம் கூரைக்கு மேலே பாய்ந்தது. தொழிலாளிகள் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். இன்னும் பத்து நாளில் இன்ஷூரன்ஸ்காரர்கள் வருவார்கள், அதுவரை தட்டட்டும்.

ஆறாம் நாள் காலை ஷிப்டில் தீ பிடித்தது. புது ப்ளோ ரூமில், ஆணியோ கல்லோ, மிஷினுக்குள் போய் உரசியிருக்கிறது. சங்கு ஊதினபோது நான் ஸ்பின்னிங் பக்கம் ஒரு மோட்டாரைப் பிரித்துக்கொண்டிருந்தேன். எழுந்து வெளியே வந்தேன். அவன் கிணற்றுக்கு ஓடினான், பம்பு ஓட ஆரம்பித்த சத்தம் கேட்டது. இரண்டு பேர் குழாயைப் பிடித்துக்கொண்டு ப்ளோ ரூம் வாசலுக்குள் போய்விட்டார்கள். தண்ணீர் பாய்வதைப் பார்த்ததும் துண்டு ஆடுகிறதா என்று பார்க்கக்கூட அவர்களுக்குத் தோன்றவில்லை. நெருப்பு பின்வாங்குவது எனக்கு அங்கிருந்தே தெரிந்தது.

அப்போதுதான் வாட்ச்மேன் நினைவு வந்தது. நூறு எண்ணிக்கொண்டிருப்பார்.

ஓடினேன். அந்த மாதிரி நான் எப்போதும் ஓடினதில்லை. "இழுக்காதீங்க, இழுக்காதீங்க" என்று கத்திக்கொண்டே ஓடினேன். சங்குச் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? நான் வாசலுக்குத் திரும்பினபோது அவர் கைப்பிடியை இழுத்து முடித்து, ஒழுங்காகத் துண்டை ஆட்டிக்கொண்டிருந்தார். சொல்லிக் கொடுத்தபடி செய்தார். சொல்லிக் கொடுத்தவன் நான்.

குழாயில் தண்ணீர் நின்றது. நான் கைப்பிடியை மேலே தள்ளினேன். ஆனால் பம்பு தானாக ஓடாது, கிணற்றடியில் ஒருவர் மறுபடி ஸ்டார்ட்டரைப் போட வேண்டும். அங்கே அவன் தன் மோட்டார்தான் கோளாறு என்று மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தான். நான் போய்ச் சொல்லி, அவன் மூடியைப் பூட்டி, மறுபடி போட்டுத் தண்ணீர் வருவதற்குள் பத்து நிமிஷம் போய்விட்டது. பஞ்சுக்குப் பத்து நிமிஷம் போதும். ப்ளோ ரூமில் பாதிக்கு மேல் போயிற்று. குழாயின் முனையைப் பிடித்து முன்னால் நின்றவருக்கு இரண்டு கையும் முழங்கைவரை வெந்துவிட்டன. நாற்பது வயது, மூன்று பெண் குழந்தைகள். அவர் மறுபடி மில்லுக்கு வேலைக்கு வரவில்லை.

அடுத்த நாள் மேனேஜர் அறையில் நாங்கள் இருவரும் நின்றோம். யாரையும் உட்காரச் சொல்லவில்லை.

"மேஸ்திரி மட்டும் இல்லீன்னா மொத்தமும் போயிருக்குமுங்க. பம்பு நின்னதும் எதனாலன்னு ஒரு நொடில கண்டுபுடிச்சு ஓடினாரு. அதானுங்க அனுபவம்" என்றார் மேனேஜர். பிறகு அவன் பக்கம் திரும்பினார். "ஏனுங்க தம்பி, மில்லுல சங்கு ஊதினா என்ன செய்வாங்கன்னு யாரையாச்சும் ஒரு வார்த்த கேட்டிருக்கலாமுங்களே?"

இதோ சொல்லப் போகிறான். கேட்டேனுங்க, மேஸ்திரியைத்தான் கேட்டேனுங்க என்று. அவன் என் பக்கம் திரும்பினான். அவனுக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்பது அந்தப் பார்வையில் தெரிந்தது.

"என்ற தப்புங்க" என்றான். "நான் இன்னும் நல்லா விசாரிச்சிருக்கோணும்."

முதலாளிக்கு யாராவது ஒருவர் பொறுப்பேற்க வேண்டியிருந்தது. அந்த வாரமே அவனை அனுப்பிவிட்டார்கள். நாற்காலி எனக்கு வந்தது. இத்தனை வருஷம் ஆசைப்பட்ட நாற்காலி, அதில் உட்கார்ந்தபோது மேஜைமேல் அவனுடைய படம்தான் விரித்துக் கிடந்தது. இன்ஷூரன்ஸ்காரர்களுக்குக் காட்ட அதன் அடியில் நான் கையெழுத்துப் போட வேண்டும். திருத்த ஒரு கோடு இருக்கிறதா என்று தேடினேன். ஒன்றும் இல்லை. போட்டேன்.

கடைசி நாள் சாயங்காலம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு என்னிடம் சொல்லிக்கொள்ள வந்தான். நான் எழுந்து நின்றேன்.

"ஏனுங்ணா, அன்னிக்குக் கெணத்துமேட்டுல நான் கேட்டனே, ஞாபகம் இருக்குதுங்களா?"

"ஞாபகம் இல்லீங்க தம்பி" என்றேன்.

"பரவால்லீங்ணா" என்றான். "நேத்து வாட்ச்மேன்கிட்ட சொல்லிப்போட்டேனுங்க, இனிமே கைப்பிடிய இழுக்க வேண்டாம்னு. மெயினை இறக்கினதும் பேனல் ரூம் ஆளையே அங்க வாசல்ல நின்னு துண்டை ஆட்டச் சொல்லியிருக்கேன். ஆளுங்ககிட்டயும் கூட்டி வெச்சுப் பேசிட்டேன், ஒத்துக்கிட்டாங்க. நீங்க ஒண்ணுஞ் சொல்ல வேண்டியதில்லைங்க. வாரேனுங்ணா."

சைக்கிளில் ஏறி அவிநாசி ரோட்டில் போய்விட்டான். நான் சொல்லியிருக்க வேண்டிய அந்த ஒரு வார்த்தையையும் அவனே சொல்லிவிட்டுப் போனான். அதற்கும் எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.